புகை வருது

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கையில்
தோளில் மெஷினோடு நிற்பேன்.
சரக்கு வண்டி என் பீடி முடியும்வரை போகும்.
பிறகு கால்வாய்க்கரை, பிறகு சந்துகள்.
இழுத்தால் உறுமும், அழுத்தினால் வெள்ளை கக்கும்.
பிள்ளைகள் பின்னாலேயே ஓடிவருவார்கள்
மேகத்துக்குள் ஒளிந்து விளையாட.

'கோயிக்கு ஒண்ணும் ஆவாதே?'
'ஆவாதுக்கா.'
'வாசல்ல நாயி குட்டி போட்டுருக்குப்பா...'
'கொசுவுக்கு மட்டுந்தான்கா இது.'
எனக்குச் சொன்னதைச் சொன்னேன்.
சொன்னவருக்கு யார் சொன்னார்களோ.

ஐப்பசி மழை விட்ட மூன்றாம் நாள்
டெங்கு என்று இரண்டு தெரு கூடுதல்.
டீசலில் மருந்து கலக்கும்போது மூடி வழுக்கி
பேண்ட் முட்டிவரை நனைந்தது.
காய்ந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.
காய்ந்தும்விட்டது.

வீட்டில் டோக்கன்.
ரேஷன் கடை ஷட்டருக்கு அடியில்
பொங்கல் டோக்கன் கொடுத்த அன்று
கையளவாய்க் கிடைத்தவள்.
படியில் என் செருப்புச் சத்தம் கேட்டால் போதும்,
லைசென்ஸுக்கு வந்தவள்போல
என் இரண்டு காலையும் சுற்றி எட்டு போடுவாள்.
அன்றும் போட்டாள்.
பிறகு மூலையில் உட்கார்ந்து
விலா, வால், பாதத்தின் இடுக்கு என்று
ஒரு மயிர் விடாமல் நக்கினாள்.
சுத்தக்காரி என்று சிரித்தேன்.

பத்தரைக்குக் காது துடித்தது.
அப்புறம் முதுகுத்தோல்.
அப்புறம் மொத்த உடம்பும்
லோ வோல்டேஜ் டியூப்லைட் மாதிரி.
புஷ்பவல்லி துண்டில் சுற்ற
சாதிக் பாயின் ஆட்டோவில் வேப்பேரி.
ஒவ்வொரு பள்ளத்துக்கும்
அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனார் பாய்.

டாக்டர் சின்னப் பெண்.
டோக்கனை முகர்ந்தாள். என்னை முகர்ந்தாள்.
'என்ன வேலை பண்றீங்க?'
சொன்னேன்.
திட்டியிருந்தால் தேவலை.
'பூனையோட ஈரலுக்கு இத முறிக்கத் தெரியாதுங்க' என்றாள்.
ஊசி போட்டு, துடிப்பு கொஞ்சம் அடங்கியதும்
பாத்திரம் தேய்க்கிற சோப்பு, வெதுவெதுத் தண்ணீர்.
ஆறு கைகள் கழுவின
ஒன்றரைக் கிலோ உயிரை.

விடிகாலை நடுக்கம் நின்றது.
நடுக்கம்தான் நின்றதா என்று
மூக்கருகே விரல் வைத்தேன்.
கடித்தாள்.

அதற்காகக் கொசுவை விட்டுவிட முடியுமா?
போன வருஷம் இதே லைனில் குணவதியின் பையன்,
ஏழு வயசு, காய்ச்சலோடு போனவன் திரும்பவில்லை.
அவன் சைக்கிளில் இப்போது துணி காய்கிறது.
மெஷினைத் தூக்கத்தான் வேண்டும்.

ஆனால் முதலில் ஒரு தரம் நடக்கிறேன்,
புகையில்லாமல், வெறும் தொண்டையோடு:
'புகை வருது! பூனைய உள்ள போடு!
குட்டிங்கள கோணில அள்ளிக்கினு போ!
மீன் தொட்டிய மூடு, காத்து மோட்டார நிறுத்து!
ஏகாம்பரம், இன்னிக்கி பொறாவ வுடாத,
கூண்டுக்குப் படுதா போடு!
தண்ணிக் கிண்ணத்த கவுத்து வையி,
அப்புறமா கழுவி ஊத்து!
தரை காயறவரிக்கும் எதையும் வெளிய வுடாத!
டேய், நீயுந்தான்டா, உள்ள போ!'

பிள்ளைகளுக்கு என்மேல் கோபம்.
சூப்பர்வைசருக்கும்.
'ஒரு தெருவுக்கு இவ்ளோ நேரம் என்னா பண்ற?'
'டயர்ல நின்ன தண்ணிய கவுத்தேன் சார்.'
அதுவும் பொய்யில்லை.
கவிழ்த்த தண்ணீருக்குப் புகை தேவையில்லை என்று
எழுதிக்கொள்ள அவர் நோட்டில் இடமில்லை.

இப்போது மொட்டைமாடி பக்கெட்டில் பேண்ட்டைக் கழற்றிப் போட்டு
முட்டிக்குக் கீழே இரண்டு தரம் சோப்பு.
கதவுக்குப் பின்னால் கத்துகிறாள்.
இருடீ, வரேன்.

லுங்கியோடு உள்ளே போனால்
முதலில் முகர்கிறாள்,
அந்த டாக்டர் மாதிரியே, நிதானமாக.
பிறகுதான் எட்டு.